சாரதி இல்லாத தேர்



ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் காடியைப் பற்றி எழுதுங்கள் என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் ஒரு தாய். அவருடைய மகனுக்கு 21 வயது நிரம்பிவிட்டது. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, லோரி ஓட்டுவதற்கு ஜி.டி.எல். லைசன் எடுக்கப் போகிறானாம். "இனிமே காடியெல்லாம் தானா ஓடுமாமே டீச்சர், கைப்பேசியில காட்டுறாங்க. காசு கட்டி லைசன் எடுத்துட்டு அப்புறம் வேலை இல்லேன்னா என்ன பண்றது?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல இது. அவருடைய தாயார் மரம் சீவியவர். பால்மரத்தைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டபோது, லயத்தில் எத்தனை வீட்டுக்குப் பூட்டு விழுந்தது என்பதை அந்தக் குடும்பம் கண்ணால் பார்த்திருக்கிறது. வேலை மறையும் என்று சொன்னால் நம் மக்களுக்கு அது விஞ்ஞானக் கதை அன்று, அனுபவம்.

முதலில், ஓட்டுநர் இல்லாத வண்டி ஒன்றும் புதிதல்ல. உங்களில் பலர் அதில் ஏறியே இருக்கிறீர்கள். தைப்பூசத்துக்கு கோலாலம்பூர் போகும்போது எல்.ஆர்.டி. ரயிலில் முன்கண்ணாடி ஓரம் நிற்பதற்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்களே, அந்தக் கிளானா ஜெயா வழித்தடம் 1998 செப்டம்பரில் தொடங்கிய நாள் முதல் ஓட்டுநர் இல்லாமல்தான் ஓடுகிறது. ஓட்டுநர் அறை இல்லாததனால்தான் பிள்ளைகளுக்கு அந்த இடம் கிடைக்கிறது. கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கணினி ரயிலை ஓட்டுகிறது. பின்னால் வந்த எம்.ஆர்.டி. ரயில்களும் அப்படித்தான்.

இத்தனை ஆண்டுகளில் அந்த எல்.ஆர்.டி. தடத்தில் நடந்த மிக மோசமான விபத்தைக் கேளுங்கள். 2021 மே 24-ஆம் தேதி இரவு, கம்போங் பாரு நிலையத்துக்கும் கே.எல்.சி.சி. நிலையத்துக்கும் இடையில் சுரங்கப் பாதைக்குள் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்றில் 213 பயணிகள் இருந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் கடுமையாகக் காயப்பட்டார்கள். பயணிகள் இருந்த ரயிலை ஓட்டியது கணினி. எதிரே வந்தது பயணிகள் இல்லாத ரயில். அதை ஒரு மனிதர் கையால் ஓட்டி வந்தார். அது போகவேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் வந்துவிட்டது. மனிதத் தவறு என்றுதான் விசாரணையில் சொன்னார்கள்.

இதைக் கேட்டவுடனே, "பார்த்தீர்களா, யந்திரம்தான் பத்திரம், மனிதன்தான் ஆபத்து" என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற நேரமெல்லாம் யந்திரம் ஓட்டும். அதனால் முடியாதபோது மட்டும் மனிதனைக் கூப்பிடுவார்கள். தினமும் ஓட்டாதவன் கையில் திடீரென்று வண்டியைக் கொடுத்தால் அவன் கை எப்படி நேராக நிற்கும்? யந்திரமும் மனிதனும் கை மாற்றிக்கொள்ளும் அந்த ஒரு கணம்தான் எல்லாவற்றிலும் அபாயமானது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு வந்த பிறகு மறுபடியும் இது நம் முன்னால் நிற்கும்.

ரயிலுக்குத் தண்டவாளம் உண்டு, வேலி உண்டு. மாடு குறுக்கே வராது. சாலையில் ஓடும் காடிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆகவே அதற்குக் கண்கள் நிறைய வேண்டும். கூரையிலும் பக்கங்களிலும் கேமராக்கள் வைத்திருக்கிறார்கள். ரேடார் என்ற கருவி வானொலி அலையை அனுப்பி, அது எதிலோ பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தையும் வேகத்தையும் கணிக்கிறது. வௌவால் இருட்டில் ஒலியை அனுப்பி வழி தெரிந்துகொள்வதைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோமே, ஏறக்குறைய அதே தந்திரம். லைடார் என்பது லேசர் ஒளியால் அதே வேலையைச் செய்கிறது. இவற்றோடு, சாலையின் ஒவ்வொரு வளைவையும் கோட்டையும் முன்கூட்டியே அளந்து வைத்த வரைபடம் ஒன்றும் கணினிக்குள் இருக்கும். கண்ணால் கண்டதையும் வரைபடத்தையும் ஒப்பிட்டு, இது லோரி, இது சைக்கிள், இது ஆள் என்று முடிவு செய்து, பிரேக்கையோ ஸ்டீயரிங்கையோ இயக்குகிறது.

அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் 2020 முதல் வேய்மோ என்ற நிறுவனத்தின் டாக்சிகள் முன் இருக்கையில் ஆளே இல்லாமல் பொதுமக்களை ஏற்றிச் செல்கின்றன. சிங்கப்பூரில் 2016-லேயே சோதனை ஓட்டம் தொடங்கிவிட்டது. நம் நாட்டிலும் சைபர்ஜெயாவில் 2020-இல் சோதனைக்கென்று ஒரு சாலைத் தடத்தை ஒதுக்கினார்கள். சீனாவின் வூஹான் நகரத்தில் இப்படிப்பட்ட டாக்சிகள் நூற்றுக்கணக்கில் ஓடத் தொடங்கியதும், 2024-இல் அங்குள்ள டாக்சிக்காரர்கள் தங்கள் பிழைப்புப் போகிறதென்று குரல் எழுப்பினார்கள்.

பீனிக்ஸ் பாலைவன நகரம். சாலைகள் கட்டம் போட்ட காகிதம் மாதிரி நேராக இருக்கும், மழை அபூர்வம். நம் பக்கம் எப்படி? நவம்பர், டிசம்பர் மாத மழையில் துடைப்பான் வேகமாக ஆடியும் முன்னால் போகும் லோரியின் விளக்கு தெரியாது. மழைத்துளி ஒளியைச் சிதறடிக்கும். லேசர் கண்ணுக்கும் அது சங்கடம்தான். தோட்டத்துச் செம்மண் சாலையில் வெள்ளைக்கோடு ஏது? பழ லோரியிலிருந்து சிதறிய செம்பனைப் பழங்கள், அந்தி நேரத்தில் சாலையிலேயே படுத்து அசைபோடும் மாடுகள், ஒரே மோட்டார் சைக்கிளில் அப்பா, அம்மா, நடுவில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள், எதிர்ப்பக்கத்தில் ஓரமாக வரும் இன்னொரு மோட்டார்... இவை எல்லாவற்றையும் நம் ஆட்கள் ஒரு கையசைப்பிலும் தலையசைப்பிலும் சமாளித்துவிடுகிறார்கள். "நீ போ" என்று கிழவர் ஒருவர் கையால் காட்டினால் கணினிக்குப் புரியுமா? மாட்டுக்காரரைக் கேட்டால், மாடு எந்தப் பக்கம் எழும் என்று வாலைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தப் பாடத்தை எந்தக் கணினிக்கும் இன்னும் யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும், அரைகுறையாகத் தானே ஓடும் காடி நம் லயத்து வாசலுக்கே வந்துவிட்டது. 2017 நவம்பரில் வந்த புது மைவியின் உயர்ந்த ரகத்தில், முன்னால் ஏதாவது நின்றால் தானே பிரேக் போடும் வசதி இருந்தது. 2020-இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50 காடியின் உயர்ந்த ரகம், நெடுஞ்சாலையில் கோட்டுக்குள்ளேயே ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு, முன்காடிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் போகும். இவை ஓட்டுநருக்கு உதவி செய்கின்றன. ஓட்டுநருக்குப் பதிலாக வந்தவை அல்ல. கண்ணும் கையும் நம்முடையதாகவே இருக்க வேண்டும். முழுக் காடியை விட இந்த அரைக் காடிக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். எல்லாம் தானே நடக்கிறது என்ற நம்பிக்கையில் கை தளர்ந்து, கண் கைப்பேசிக்குப் போய்விடும்.

அப்படித்தான் 2018 மார்ச் 18-ஆம் தேதி இரவு அமெரிக்காவின் டெம்பி நகரத்தில் நடந்தது. ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த காடி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. தானே ஓடும் காடி மோதி, சாலையில் நடந்துசென்ற ஒருவர் உயிரிழந்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. காடியின் கண்கள் அவரைப் பார்க்காமல் இல்லை. ஐந்து விநாடிக்கு மேல் முன்பே பார்த்துவிட்டன. ஆனால் கணினி, இது வாகனம், இல்லை வேறு ஏதோ, இல்லை சைக்கிள் என்று மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டே வந்தது. நடைபாதைக் கோடு இல்லாத இடத்தில் ஓர் ஆள் கடப்பார் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. காடியைச் செய்த நிறுவனம் வைத்திருந்த தானியங்கி பிரேக்கையும், கணினி ஓட்டும்போது அணைத்து வைத்திருந்தார்கள். மேற்பார்வைக்காக முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவரோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கு என்ன ஆயிற்று? நிறுவனத்தின் மேல் குற்ற வழக்கு இல்லை என்று 2019-இல் முடிவாயிற்று. கூலிக்கு உட்கார்ந்திருந்தவர்மேல் வழக்குப் போட்டார்கள். 2023-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். அவர்மேல் தப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணினிக்குப் பாடம் எழுதியவர், பிரேக்கை அணைக்கச் சொன்னவர், ஒரே ஆளை இரவெல்லாம் தனியாக உட்கார வைத்தவர் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மண்டோர் சொன்ன வேலையைச் செய்து, பிழை வந்தபோது தனியாக ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் கதை புரியும். நம்முடைய 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் வண்டிக்கு ஒரு மனித ஓட்டுநர் இருப்பார் என்று எண்ணி எழுதப்பட்டதுதான். ஓட்டுநரே இல்லாத வண்டி மோதினால் யார் பதில் சொல்வது என்பதைத் தெளிவாக எழுதி வைத்த பிறகுதான் அதைச் சாலையில் விட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவு சொல்வதால் நான் இந்தக் காடிக்கு விரோதி என்று எண்ண வேண்டாம். கணினி தூங்காது, குடிக்காது. முன்னால் போனவன் முந்திவிட்டான் என்று ரோஷப்படாது. நம் நாட்டில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். அதில் பத்துப் பேருக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்படும் நம் பிள்ளைகள் போவதும் மோட்டாரில்தான். மோட்டார் சைக்கிள் தானே ஓடப்போவதில்லை. அதைக் காணாமல் வளைகிற காடி கண்டு நின்றாலே, எத்தனையோ வீட்டில் விளக்கு எரியும்.

இன்னொன்று. தோட்டத்துக்குள் வந்த பஸ் நின்றுபோன இடங்கள் பல. பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருக்க, வயதானவர்கள் மட்டும் லயத்தில் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு நெஞ்சு வலித்தால், மோட்டார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பியைத்தான் எழுப்ப வேண்டும். கூப்பிட்டவுடன் வந்து ஜாசின் மருத்துவமனை வாசலில் இறக்கிவிடும் ஒரு வேன் இருந்தால் அது எவ்வளவு பெரிய உபகாரம்! ஆனால் பஸ்ஸே லாபம் இல்லையென்று நின்றுபோன சாலைக்கு இந்த வேன் யாருடைய செலவில் வரும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

யந்திரம் எல்லா விபத்தையும் நிறுத்திவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. 2024 டிசம்பர் 23-ஆம் தேதி இரவு, நம் மலாக்காவில் ஆயர் குரோ அருகே வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில், லோரி ஒன்றிலிருந்து கழன்ற டயரால் ஒரு சுற்றுலாப் பஸ் நிலை தவறி எதிர்ப்பக்கம் போய் மோதி ஏழு பேர் இறந்தார்கள். சக்கரத்தின் நட்டைச் சோதித்து முறுக்குவது கணினியின் வேலை அன்று. அதைச் செய்யக் கையும், செய்யச் சொல்லும் முதலாளியும் வேண்டும்.

சரி, அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். லோரி வேலை போய்விடுமா?

இது எங்கே முதலில் வந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவின் பில்பாரா என்ற பகுதியில் ரியோ டின்டோ நிறுவனத்தின் இரும்புச் சுரங்கங்களில், வீடு உயரமுள்ள லோரிகளை 2008 முதலே ஆள் இல்லாமல் ஓட்டிப் பழகிவிட்டார்கள். ஏறக்குறைய 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் பெர்த் நகரத்தில் உட்கார்ந்து கண்காணிக்கிறார்கள். சிங்கப்பூரில் 2022-இல் திறந்துவைத்த துவாஸ் துறைமுகத்தில் கொள்கலன்களைச் சுமந்து போகும் வண்டிகளுக்கும் ஓட்டுநர் இல்லை. சுரங்கம், துறைமுகம், எல்.ஆர்.டி. இந்த மூன்றுக்கும் பொதுவானது என்ன? பாதையும் வண்டியும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். வெளி ஆள், வெளி மாடு உள்ளே வராது. போகும் தடம் தினமும் ஒன்றே.

இப்படிப்பட்ட இன்னோர் இடம் உங்களுக்கு ஞாபகம் வருகிறதா? நம் தோட்டம்தான்.

மரத்தடியிலிருந்து பழக் குலைகளை எடுத்து ரேம்புக்கும், ரேம்பிலிருந்து மில்லுக்கும் கொண்டுபோவது அளந்து வைத்த வேலை. எருமை வண்டி இழுத்த அந்த வேலைக்கு மினி டிராக்டர் வந்தது. குலையைத் தூக்கிப் போட இரும்புக் கை வந்தது. கோவிட் காலத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வர முடியாமல் பழம் மரத்திலேயே அழுகியதிலிருந்து, எப்படியாவது ஆளைக் குறைக்க வேண்டும் என்று பெரிய கம்பெனிகள் முனைப்பாக இருக்கின்றன. மேடும் பள்ளமும் சேறும் இருக்கும் வரை தோட்டத்தில் அது சுலபமல்ல, நாளைக்கே வந்துவிடாது. ஆனால் கோலாலம்பூர் டாக்சிக்கும் செலண்டார் சாலை லோரிக்கும் வருவதற்கு முன்னால், கேட்டுக்குள் ஓடும் டிராக்டருக்குத்தான் அது வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. கைப்பேசியில் காட்டும் பளபளப்பான காடியைப் பார்த்துப் பயப்படும் நாம், பெரட்டுக் களத்தின் பக்கத்தில் நிற்கும் டிராக்டரைப் பார்ப்பதில்லை.

ஆகவே அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: "அக்கா, லைசன் எடுக்கட்டும். பொதுச் சாலையில் லோரிக்கு ஆள் தேவைப்படும் காலம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஓட்டத் தெரிந்ததோடு நிறுத்த வேண்டாம்." ஓட்டுநர் இல்லாத ரயிலுக்கும் மெக்கானிக் உண்டு, மின்தொழில் தெரிந்தவர் உண்டு, திரையைப் பார்ப்பவர் உண்டு. கேமராவில் சேறு படிந்தால் துடைத்துச் சரிசெய்ய ஆள் வேண்டும். நம் மாநிலத்திலேயே அலோர் காஜா பக்கம் தாபோ நானிங்கில் அட்டெக் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மெர்லிமாவில் பாலிடெக்னிக் இருக்கிறது. எஸ்.பி.எம். முடிவு சுமாராக இருந்தாலும் என்னென்ன பயிற்சிக்கு இடம் உண்டு என்று நேரில் போய்க் கேட்டு வாருங்கள். நம் பிள்ளைகள் கேட்பதற்கே கூச்சப்படுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

டிராக்டர் ஓட்டும் அண்ணன்மாருக்கு வேறொரு செய்தி. யந்திரம் வந்து வேலை இல்லை என்று கம்பெனி சொன்னால், சும்மா அனுப்பிவிட முடியாது. வேலைச் சட்டப்படி முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்: இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவை என்றால் 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், ஐந்துக்கு மேல் 8 வாரம். 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி பணிநீக்க நிவாரணமும் உண்டு. ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் என்றால் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 நாள் சம்பளம், ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள், அதற்கு மேல் என்றால் 20 நாள். இருபது ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறிய தொகை அல்ல. இதைவிடக் கூடுதலாகச் சங்க ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளைத் தலைவரிடம் விசாரியுங்கள்.

சம்பளச் சீட்டில் சொக்சோவுக்குப் பக்கத்தில் எஸ்.ஐ.பி. என்று சிறு பிடித்தம் ஒன்று 2018 முதல் இருக்கும். அது வேலை இழந்தோருக்கான காப்புறுதி. வேலை போனால் புது வேலை தேடும் காலத்தில் ஆறு மாதம் வரை உதவித் தொகையும், புதுத் தொழில் பழகப் பயிற்சியும் அதிலிருந்து கிடைக்கும். ஆனால் வேலை போன 60 நாளுக்குள் சொக்சோவில் மனுப் போட வேண்டும். பலர் கோயில் திருவிழா முடியட்டும், தீபாவளி முடியட்டும் என்று இருந்துவிட்டுப் பிறகு போய் நிற்கிறார்கள்.

முக்கியமாக ஒன்று. "நானே விரும்பி வேலையை விட்டு விலகுகிறேன்" என்று அச்சடித்த தாளை நீட்டி, இங்கே கையெழுத்துப் போடு என்றால் போட்டுவிடாதீர்கள். தானாக விலகியவருக்கு மேலே சொன்ன நிவாரணமும் இல்லை, எஸ்.ஐ.பி. பணமும் இல்லை. ஒருநாள் அவகாசம் கேளுங்கள். கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்து புரியவில்லை என்றால், உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் காட்டுங்கள். எங்கள் பக்கத்தில் இருப்பவர்கள் என்னிடமே கொண்டு வரலாம்; பகல் இரண்டு மணிக்கு மேல் பள்ளியில்தான் இருப்பேன்.